குணலட்சுமி ரீச்சரின் இரண்டாம் புள்ளி

குணலட்சுமி ரீச்சருக்குப் பிறவியிலேயே பார்வையில்லை. அதில் அவருக்குப் பெரிய மனக்குறை எதுவும் இருந்ததில்லை. மனக்குறைப்படும் வேலையை இணுவில் ஊரில் மற்றவர்கள் பொறுப்பெடுத்து ஒழுங்காகச் செய்துவந்தார்கள். மினிபஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் அவருக்காகப் பெருமூச்சு விடுவார். கலியாண வீட்டில் யாராவது அவர் காதுபடவே "நல்ல வடிவான முகம், என்ன செய்யிறது" என்பார். இப்படி எல்லாரும் பங்குபோட்டுக் கவலைப்பட்டதால் ரீச்சருக்கு நேரம் நிறைய மிஞ்சியது. அந்த நேரத்தில் அவர் பட்டம் எடுத்தார், இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்தார், சனிக்கிழமைகளில் சுன்னாகத்தில் கூடும் மத்தியஸ்த சபையில் ஓர் உறுப்பினராக இருந்து அயலவர் சண்டைகளைத் தீர்த்தும் வைத்தார்.

மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு ஒரு பிரெய்ல் கருவி கிடைத்தது. "கிடைத்தது" என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன். நடந்தது அவ்வளவு சுருக்கமானதல்ல. வெளிநாட்டில் இயங்கும் ஊர் நலன்விரும்பிகள் சங்கம் ஒன்று அதை அன்பளிப்புச் செய்தது. சங்கத்தின் செயலாளர் சிவதர்ஷன் லீவில் ஊருக்கு வந்திருந்தார். பள்ளிக்கூட மண்டபத்தில் மேடை, மங்கல விளக்கு, பனர், ஏழு பேச்சாளர்கள். கருவி வேலை செய்கிறது என்று படத்தில் தெரியவேண்டும் என்பதற்காக அதைக் காலையிலேயே போட்டுவிட்டு மேசையில் வைத்திருந்தார்கள். ஏழாவது பேச்சாளர் "இருளில் ஒளியேற்றும் இந்த இயந்திரம்" என்று சொல்லி முடிக்க, இயந்திரத்தின் பற்றரியும் முடிந்தது. ரீச்சரின் கையில் வந்தது சோகமான ஒரு பிளாஸ்ரிக் பெட்டி. அவர் அதைத் தடவுவதுபோல் பன்னிரண்டு படம் எடுத்தார்கள். பனரிலும் அவருடைய படம் இருந்ததாம். எப்படியிருந்தது என்று கேட்டதற்கு, "உங்களைவிடச் சிவதர்ஷன்ரை படம்தான் பெரிசு" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

கருவி உண்மையில் நல்ல கருவி. சாப்பாட்டுப் பெட்டி அளவு. மேலே எழுதுவதற்கு ஆறு விசைகள். முன்விளிம்பில் வாசிப்பதற்கு ஒரு வரிசையாக இருபது கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஊசிமுனை போன்ற சிறு புள்ளிகள் எழும்பியும் தாழ்ந்தும் எழுத்தாகும். விரலை ஓட்டினால் ஒரு வரி. பொத்தானை அமத்தினால் அடுத்த வரி. முன்பு தடித்த பிரெய்ல் தாள்களை ஒரு பை நிறையச் சுமந்துபோன ரீச்சர், இப்போது முழு வரலாற்றுப் பாடத்தையும் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு போனார்.

கையேட்டைக் கருவியிலேயே வைத்து முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தார். அதை வாசித்த ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கவேண்டும். தொடுமுன் சவுக்காரம் போட்டுக் கைகழுவிக் காயவைக்கவேண்டும். புள்ளிகளை மெல்லிய உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும். தண்ணீர், எண்ணெய், தூள் எதுவும் கிட்ட வரக்கூடாது. பற்றரியை ஒரேயடியாக வடியவிடவும் கூடாது, எந்நேரமும் சார்ஜரில் கட்டிவைக்கவும் கூடாது. வெயிலும் சூடும் ஆகாது. ரீச்சர் இவற்றை அப்படியே கடைப்பிடித்தார். ஆசிரியர் அறையில் வடை வந்தால், பாடம் முடியுமட்டும் அவர் வடையைத் தொடமாட்டார். "குணலட்சுமிக்கு ஆசாரம் கூடிப்போச்சு" என்று சக ஆசிரியர்கள் பேசிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் மிக்ஸர் தின்ற கையோடு வந்து, "இதென்ன, இப்பிடித் தடவுறதோ?" என்று கேட்டுத் தடவியும் பார்த்தார். அடுத்த நாளிலிருந்து கருவிக்கு ஒரு மூடி போட்ட பை வந்தது.

வெளியாரிடமிருந்து காப்பாற்றுவது சுலபம். வீட்டில் மச்சாள் இருந்தார்.

மச்சாள் இராசமலர், ரீச்சருடைய அண்ணையின் மனைவி. தங்கமான மனிசி. யாருடைய வயிறும் காலியாக இருப்பதை அவரால் தாங்க முடியாது. அந்த வீட்டுக்கு வருகிற மின்சாரப் பட்டியல்காரர்கூடத் தேத்தண்ணியும் பணிசும் முடிக்காமல் படலையைத் தாண்டியதில்லை. கருவிக்குப் பற்றரி என்று ஒன்று உண்டு, அதற்குப் பசிக்கும் என்று தெரிந்த நாளிலிருந்து மச்சாளுக்கு ஒரே கவலை. ரீச்சர் எண்பது சதவீதத்தில் சார்ஜரைக் கழற்றுவார். அவர் குளிக்கப் போனதும் மச்சாள் மறுபடி கொழுவுவார். குளிர்பெட்டிக்கு மேலே, யன்னல் வெயில் நன்றாக விழும் இடத்தில்.

"மச்சாள், திருப்பியும் போட்டிட்டியளே?"

"நீ அரைகுறையிலை கழட்டிப்போட்டாய், குணம். எண்பதிலை நிக்குது."

"எண்பது காணும். கூட ஏத்தினால் பற்றரி பழுதாப் போகும்."

"உதென்ன கதை? பாதி வயிறோடை ஆரும் எழும்புவினமே?"

இந்த விவாதம் இரண்டு வருடம் நடந்தது. ஊரார் சண்டையையெல்லாம் அரைமணித்தியாலத்தில் தீர்த்துவைக்கும் ரீச்சரால் வீட்டுக்குள் ஒரு சார்ஜரைத் தீர்க்க முடியவில்லை.

போன நவராத்திரி வந்தது. கடைசி மூன்று நாளும் மச்சாள் வீட்டுப் புத்தகங்கள், அண்ணையின் கணக்குக் கொப்பி, பேனைகள் எல்லாவற்றையும் கும்பத்துக்கு முன்னால் அடுக்கிவைப்பார். அந்த முறை கருவியும் போயிருந்தது. ரீச்சருக்கு அது தெரிந்ததும், வைக்கட்டும், மூன்று நாள் சார்ஜரில்லாமல் கிடந்தால் பற்றரிக்கும் ஓய்வு என்று விட்டுவிட்டார். அவர் விட்ட பிழை அது ஒன்றுதான்.

விஜயதசமி காலையில் கருவியைத் திரும்ப எடுத்தபோது விரலில் ஈரமாக ஏதோ பிசுபிசுத்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். சந்தனம்.

"மச்சாள்! இதிலை என்ன பூசினனீங்கள்?"

"பூசேல்லை. ஒரு பொட்டு வைச்சனான். சந்தனமும் குங்குமமும். எல்லாத்துக்கும் வைச்சுப்போட்டு அதுக்கு மட்டும் வைக்காமல் விடலாமே?"

"எவ்விடத்திலை வைச்சனீங்கள்?"

"தொடக்கத்திலைதான். இடப்பக்கம், முதல் கட்டம். பிள்ளையார் சுழி போடுற இடம்."

கலைமகள் அந்தக் கருவியை எவ்வளவு விரும்பி வாசித்தாரோ தெரியாது. ரீச்சர் அன்று முழுக்கத் துடைத்தார். உலர்ந்த துணியால், பிறகு மருந்துக்கடை ஸ்பிரிற் பட்டும் படாமலும் தொட்ட துணியால். பின்னேரமளவில் புள்ளிகள் எழும்பத் தொடங்கின. நாலைந்து வரி வாசித்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்ததுபோல் இருந்தது. உண்மையில் முதல் கட்டத்தில் இடப்பக்கத்து நடுப்புள்ளி, பிரெய்ல் கணக்கில் இரண்டாம் புள்ளி, எழும்பவில்லை. அவர் வாசித்த நாலைந்து வரியும் அந்தப் புள்ளி தேவைப்படாத எழுத்துகளில் தொடங்கியிருந்தன.

அந்தச் சனிக்கிழமை சபையில் ஒரு மதில் வழக்கு. செல்வரட்ணம் என்ற வெங்காய வியாபாரிக்கும் அவர் பக்கத்து வீட்டு வாகீசனுக்கும் இடையிலிருந்த எல்லை மதில் மழைக்கு விழுந்துவிட்டது. யார் கட்டுவது என்பதுதான் பிரச்சினை. வாகீசனின் காணியில் நோர்வேயிலிருக்கும் அவருடைய அக்காவுக்கும் பங்கு உண்டு. இரண்டு கிழமைக்கு முன் விசாரித்தபோது ரீச்சர் எல்லாவற்றையும் கருவியில் எழுதியிருந்தார். சபையில் அந்தக் கருவிக்குத் தனி மரியாதை. யார் எப்போது என்ன சொன்னார் என்பது அதில் அட்சரம் பிசகாமல் இருக்கும் என்று சுன்னாகம் சந்தைவரை தெரியும். சொன்னதை மறந்துபோவதைத் தொழிலாக வைத்திருந்த பலர் அதனாலேயே அந்தச் சபைப் பக்கம் வராமல் விட்டிருந்தார்கள்.

சபையின் தவிசாளர் தம்பிஐயா, ஓய்வுபெற்ற தபாலதிபர். "போன முறை எதிலை நிப்பாட்டினாங்கள்? ரீச்சர், ஒருக்கா வாசியுங்கோ" என்றார்.

ரீச்சர் விரலை வரியின் தொடக்கத்தில் வைத்து வாசித்தார்: "மதில் இரண்டு கிழமைக்குள் தருவதாக வாகீசன் ஒப்புக்கொண்டார்."

வாகீசன் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "என்ன? மதிலோ? ஆர் ஒப்புக்கொண்டது?"

செல்வரட்ணத்துக்கு இமை கொட்டும் நேரம் தேவைப்பட்டது; அதற்குமேல் வேண்டியிருக்கவில்லை. "ஓம் ஐயா! சொன்னவர். இந்த ரெண்டு காதாலையும் கேட்டனான். மதிலைத் தான் கட்டித் தாறன் எண்டவர். தன்ரை செலவிலை எண்டும் சொன்னவர்!"

"ஓம், எனக்கும் அப்பிடித்தான் ஒரு ஞாபகம்" என்றார் தம்பிஐயா. அவர் போன முறை பாதி நேரம் நித்திரை. ஆனால் ரீச்சரின் கருவி சொன்னபிறகு ஞாபகம் வராமல் எப்படி இருக்கும்?

"என்ரை அம்மாளாச்சி!" என்று வாகீசன் தலையில் கை வைத்தார். "நான் அக்காவைக் கேட்டு ரெண்டு கிழமையிலை பதில் சொல்லுறன் எண்டெல்லோ சொன்னனான்!"

பதில். அந்தச் சொல் ரீச்சரின் காதில் விழுந்ததும் விரல் நின்றுவிட்டது. பிரெய்லில் ப என்ற எழுத்துக்கு நான்கு புள்ளி. அதில் இரண்டாம் புள்ளியை எடுத்துவிட்டால் மீதி மூன்றும் ம. அவர் சொல்லுக்கு முன்னால் ஓர் இடைவெளி போட்டார். சொல் ஒரு கட்டம் தள்ளி, பொட்டு வைக்காத இரண்டாவது கட்டத்தில் போய் நின்றது. விரலை வைத்தார். நான்கு புள்ளிகள் நல்ல திடமாக எழும்பி நின்றன.

அவருக்குக் காதுமடல் சுட்டது. இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளின் பிழைக்குச் சிவப்புக் கோடு போடச் சொன்னவர். சபையில் ஒரு நாளும் பிழையாக வாசித்ததில்லை. பேசாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதுமில்லை. அந்தப் புள்ளிகளைப் பார்த்து வாசிக்க அங்கே எவருக்கும் கண் போதாது. அந்த எண்ணம் வந்ததற்கே அவருக்கு இன்னும் கொஞ்சம் சுட்டது.

"ஐயா, நான் பிழையா வாசிச்சுப்போட்டன்" என்றார். "மெஷினிலை ஒரு புள்ளி எழும்பேல்லை. அது மதில் இல்லை. பதில். பதில் ரெண்டு கிழமைக்குள்ளை தருவதாகத்தான் அவர் ஒப்புக்கொண்டவர். வாகீசன் தம்பி, மன்னிச்சுக்கொள்ளும்."

வாகீசன் திரும்பக் கதிரையில் அமர்ந்தார்.

"அது... பதில் எண்டும் சொன்னவர்தான்" என்றார் செல்வரட்ணம், குரலை இறக்கி.

"செல்வரட்ணம் அண்ணை," என்றார் ரீச்சர், "மதில் எண்டது என்ரை மெஷின்ரை பிழை. தன்ரை செலவிலை எண்டது மெஷினிலை எந்த இடத்திலையும் இல்லையே. அது எந்தக் காதாலை கேட்டது?"

செல்வரட்ணம் தன் இரண்டு காதிலும் எது என்று முடிவெடுக்கச் சிரமப்பட்டார். தம்பிஐயாவோ அவசரமாகத் தண்ணீர் குடித்தார். அதற்குப் பிறகு வழக்கு வழுக்கிக்கொண்டு போனது. பொய் சொல்லிப் பிடிபட்ட மனிதரைப்போல விட்டுக்கொடுக்கக்கூடியவர் உலகத்திலில்லை. வாகீசனின் அக்கா பாதிச் செலவுக்குச் சம்மதித்துப் பதில் அனுப்பியிருந்தார். செல்வரட்ணம் மற்றப் பாதிக்குச் சம்மதித்தார். ஒப்பந்தத்தை எழுதி முடிக்கும்போது கருவி அறுபது சதவீதம் இருக்கிறது என்று காட்டியபடியே அணைந்துபோனது.

வெளியே மச்சாள் சந்தையில் வாங்கிய மரக்கறிப் பையோடு காத்திருந்தார். ரீச்சர் கருவியைத் தட்டையான சீமெந்துத் திட்டில் வைத்தார். அது நான்கு காலும் ஊன்றாமல் ஆடியது.

"மச்சாள், இதின்ரை அடியைப் பாருங்கோ. எப்பிடியிருக்கு?"

"வயிறு ஊதி வண்டி வைச்சிருக்கு" என்றார் மச்சாள், கொஞ்சம் பயந்த குரலில்.

இருவரும் நேரே ஸ்ரேஷன் பக்கமாயிருந்த போன் திருத்தும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் றஞ்சித் நாற்பது வயதுக்காரர், தொழிலில் கெட்டிக்காரர் என்று பெயர். அவர் ரீச்சரை ஒருமுறை பார்த்துவிட்டு மச்சாளிடம் கேட்டார்: "அவவுக்கு என்ன பிரச்சினை அக்கா?"

"அவவுக்கு ஒரு பிரச்சினையுமில்லை" என்றார் ரீச்சர். "பிரச்சினை மெஷினுக்கு."

றஞ்சித் கருவியைத் திறந்தார். உள்ளே தோசை மாதிரித் தட்டையாக இருக்கவேண்டிய பற்றரி பணிஸ் மாதிரி ஊதியிருந்தது. இன்னும் சில கிழமை விட்டிருந்தால் புள்ளி வரிசையையே அடியிலிருந்து தள்ளி உடைத்திருக்கும், அல்லது நெருப்புப் பிடித்திருக்கும் என்றார்.

"எந்நேரமும் சார்ஜிலை விட்டிருக்கிறியள். வெயிலிலையும் வைச்சிருக்கிறியள். உப்பிடிச் செய்தால் எந்தப் பற்றரியும் வீங்கும்."

மச்சாள் பேசாமல் நின்றதை ரீச்சர் அதற்கு முன் கேட்டதில்லை. கொஞ்ச நேரத்தில், "நான் வயிறு நிறையட்டும் எண்டுதான்..." என்று தொடங்கியவர் அழுதுவிட்டார். இரண்டு வருட விவாதத்தில் வென்ற சந்தோஷம் ரீச்சருக்கு ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. மச்சாளின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

பிடித்த கையை உடனே விடவேண்டியும் வந்தது. காரமான எண்ணெய் மணம் ஒன்று மூக்கில் ஏறியது.

"தம்பி, உதென்ன?"

"இறுகின புள்ளியிலை கொஞ்சம் ஸ்பிறே அடிச்சுவிடுவம், ரீச்சர். துருப்பிடிச்ச ஆணியே கழண்டு வரும்."

"இது ஆணியில்லை. உதை அடிச்சால் மற்றப் பத்தொன்பது கட்டமும் சேந்து செத்துப்போகும். கீழை வையும்."

றஞ்சித் வைத்தார். அன்று அந்தக் கடையில் மூன்று மணித்தியாலம் வேலை நடந்தது. முதல் கட்டத்தின் மூடியை அவர் சிறு இடுக்கியால் கழற்றினார். துளைக்குள் குங்குமம் சந்தனத்தோடு சேர்ந்து சீமெந்துபோல் இறுகியிருந்தது. தூரிகையால் மெதுமெதுவாகச் சுரண்டி எடுத்து, புள்ளியைத் துடைத்துப் பூட்டி, கடையிலிருந்த வேறு மின்கலத்தில் கருவியைத் தற்காலிகமாகக் கொழுவிப் பார்த்தார். "சரி, எழும்புது" என்றார்.

ரீச்சர் விரலை வைத்தார். "எழும்புது. ஆனா நிக்குதில்லை. விரல் பட்டதும் தாழுது."

றஞ்சித் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அவருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. திரும்பக் கழற்றினார், திரும்பத் துடைத்தார். நான்காவது முறை ரீச்சர் விரலை எடுக்காமல் முன்னும் பின்னும் ஓட்டிவிட்டுச் சொன்னார்: "இப்ப நிக்குது."

"இதைக் கண்ணாலை கண்டுபிடிக்கேலாது போல" என்றார் றஞ்சித், ரீச்சரின் விரலைப் பார்த்து.

பற்றரிப் பிரச்சினை மிச்சமிருந்தது. ரீச்சர் சங்கச் செயலாளர் சிவதர்ஷனுக்கு அழைப்பெடுத்தார்.

"பற்றரியோ ரீச்சர்?" சிவதர்ஷன் தயங்கினார். "முழு மெஷின் எண்டால் கமிற்றியிலை சுகமாப் பாஸ் பண்ணலாம். ஒரு விழா வைக்கலாம். பற்றரிக்கு எப்பிடி ரீச்சர் விழா வைக்கிறது?"

"விழா வேண்டாம். பற்றரி மட்டும் காணும்."

"அதில்லை. குடுக்கிற படம் வடிவா வராது. கைக்குள்ளை மறைஞ்சுபோகும்."

"அப்ப பெரிய பெட்டியிலை போட்டுக் குடுங்கோ" என்றார் ரீச்சர். மறுபக்கத்தில் இந்த யோசனையை உண்மையாகவே குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. கமிற்றி கூடுமட்டும் காத்திருக்க அவருக்குப் பொறுமையில்லை. றஞ்சித் பற்றரியிலிருந்த இலக்கத்தைக் கொண்டு கொழும்பில் ஒரு வியாபாரியைப் பிடித்தார். மூன்று கிழமையில் வந்து சேர்ந்தது. அதுவரை ரீச்சர் பழையபடி ஒரு பை நிறையத் தாள் சுமந்தார். புதுப் பற்றரி போட்ட நாளில் அவரும் மச்சாளும் றஞ்சித்தும் மட்டும்தான் நின்றார்கள். யாரும் பேசவில்லை. எல்லாம் நாலு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரங்களில் ரீச்சர் இப்போது றஞ்சித்தின் கடையில் இருக்கிறார். இது யாரும் திட்டம் போட்டு நடந்ததல்ல. வடக்கிலே இப்படிக் கருவி வைத்திருப்பவர்கள் பன்னிரண்டு பதின்மூன்று பேர் இருப்பார்கள். சுன்னாகத்தில் ஒருவர் திருத்துகிறாராம் என்று அவர்களுக்குள் கதை பரவியது. றஞ்சித் கழற்றிப் பூட்டுவார். ரீச்சர் விரலால் தேர்வு வைப்பார். அவர் "நிக்குது" என்று சொல்லாமல் எந்தக் கருவியும் கடையை விட்டுப் போகாது.

போன மாதம் வவுனியாவிலிருந்து கோபிசங்கர் என்றொருவர் வந்தார். ஒரு காரியாலயத்தில் தொலைபேசி இயக்குநர், பார்வையற்றவர், ஐம்பது வயதிருக்கும். அவருடைய கருவியும் ஏதோ ஒரு மேடையில் கொடுத்ததுதான். போட்டால் உயிரே வருவதில்லை என்றார். ரீச்சர் பெட்டியை வாங்கித் தடவினார். மூலைகள் புதிதாக இருந்தன. புள்ளி வரிசையில் மெழுகுத்தாள்கூட உரிக்கப்படவில்லை.

"எவ்வளவு காலமாப் பாவிக்கிறியள்?"

"பாவிக்கேல்லை ரீச்சர். பெறுமதியான சாமான். பழுதாப் போயிடும் எண்டு அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டினனான். மூண்டு வருஷம்."

"அப்ப மரியாதையிலைதான் செத்திருக்கு" என்றார் ரீச்சர். மெழுகுத்தாளின் ஒரு நுனியை நகத்தால் கிளப்பி, அதை அவர் விரலில் பிடித்துக் கொடுத்தார். "முதல் இதை உரியுங்கோ. கையைக் கழுவிப்போட்டு வாங்கோ. பற்றரிக்கு றஞ்சித் சொல்லி அனுப்பட்டும்."

கோபிசங்கர் தாளை உரித்துவிட்டு, உரித்த இடத்தில் விரலை வைக்கப் போனார். பிறகு ஞாபகம் வந்து, தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் என்று கேட்டார்.